ஓஸ்டர்ஸ்கெல்டே கதவணை: குடும்பத்தோடு ஒரு நாள் போய்வரத் தகுந்த இடமா?

கேள்வி: ஐந்தோவன்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஐந்தோவனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வேதாரண்யத்திலிருந்து என் தாயார் வந்திருக்கிறார். அவருக்கு 68 வயது. முழங்கால் வலி இருப்பதால் நெடுந்தூரம் நடக்கவோ செங்குத்தான படிகளில் ஏறவோ இயலாது. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 4 வயது. துலிப் தோட்டம், காற்றாலைகள், ஆம்ஸ்டர்டாம் படகுச் சவாரி என்று விருந்தினரை வழக்கமாக அழைத்துச் செல்லும் இடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. பள்ளியில் 1953ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைப் பற்றிப் பாடம் நடந்ததிலிருந்து, நெதர்லாந்தின் தென்மேற்கிலுள்ள சேலாந்து மாகாணத்தில் ஓஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தின் குறுக்கே கடலை மறித்துக் கட்டியிருக்கும் கதவணையை நேரில் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தாயாரிடம் சொன்னபோது, "கடலுக்குக் கதவு போட முடியுமா?" என்று சிரித்தார்; ஆனாலும் எப்போது போகலாம் என்று இப்போது அவரே கேட்கத் தொடங்கிவிட்டார்.

நான் அறிய விரும்புபவை இவை. கதவணையின் நடுவே உள்ள நேல்ட்யே யான்ஸ் தீவில் இருக்கும் பூங்கா, கதவணையைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது கற்றுத் தரும் இடமா, அல்லது நீர்ச்சறுக்கும் ஐஸ்கிரீமும் கொண்ட பொழுதுபோக்கு மையம் மட்டும்தானா? முழங்கால் வலி உள்ளவர் அங்கே என்ன பார்க்க முடியும்? 2004இல் கடல் ஊருக்குள் புகுந்ததைக் கண்டவர் என் தாயார். கஜா புயலின்போதும் ஊரில்தான் இருந்தார். 1953 வெள்ளத்தைப் பற்றிய காட்சிகள் அவருக்கு மனவேதனை தருமா? காரில் போவதாகத் திட்டம். எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம் என்பதால், போவதற்கு முன் தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

பதில்: டெல்ஃப்ட் பொறியாளர்

வணக்கம். கடற்கரைப் பொறியியல் துறையில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வானிலையைப் பார்ப்பதற்கு முன் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலைப் பாருங்கள். ஊர் ஊராக ஏற்றம், வற்றம் நேரங்களை நீர்வளத் துறையான ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட் இணையத்திலேயே வெளியிடுகிறது.

காரணம் என்னவென்றால், இந்தக் கதவணை சாதாரண நாள்களில் மூடியிருப்பதில்லை. அதன் 62 கண்களும் திறந்தே இருக்கின்றன. வடகடலின் நீர் நாளுக்கு இரு முறை உள்ளே பாய்ந்து, இரு முறை வெளியே வடிகிறது. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால், தூண்களுக்கு இடையே நீர் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். பார்ப்பவர்கள் ஒரு நீண்ட பாலத்தைப் பார்த்ததாக எண்ணிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள வேளையில் போனால் நிலைமையே வேறு. நீர் இரைந்துகொண்டு சுழித்துப் பாய்வதைக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி பார்க்கும் குழந்தைக்கு, இதை எதற்காகக் கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கதவணைக்கு அருகே நீந்தவோ, கரைக் கற்களில் இறங்கவோ கூடாது என்பதை மட்டும் மகனுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இனி, இது ஏன் திறந்த அணையாக இருக்கிறது என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்தில் இந்தப் பகுதி பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. 1953 வெள்ளத்துக்குப் பிறகு அமைந்த டெல்டா குழு, தென்மேற்கிலுள்ள கழிமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1958இல் அதற்கான சட்டம் வந்தது. ரோட்டர்டாமுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் கப்பல் போகும் வழிகளைத் தவிர மற்றவை அடைபட வேண்டும் என்பதே திட்டம். அந்த வரிசையில் ஓஸ்டர்ஸ்கெல்டேயையும் முழு அணையால் அடைக்கும் வேலை தொடங்கியது; நேல்ட்யே யான்ஸ் என்ற தீவே அதற்காக உருவாக்கிய வேலைத்தளம்தான். பாதி தூரம் அணை எழுந்த நிலையில் மீனவர்களும் சிப்பி வளர்ப்பவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். ஓதம் நின்றுவிட்டால் உப்பு நீர் போய்விடும், சேற்றுத் திட்டுகளில் இரை தேடும் பறவைகள் போய்விடும், இயர்செக்கே ஊரின் சிப்பித் தொழிலும் போய்விடும் என்பது அவர்கள் வாதம். ஏற்கெனவே வெள்ளத்தில் உறவினரை இழந்த மக்கள் வாழும் நாட்டில், அணையை மூடாதே என்று கேட்பது எளிதான காரியமாக இருந்திருக்காது. கடைசியில் 1976இல், புயல் வரும்போது மட்டும் இறங்கி மூடும் எஃகு ஷட்டர்களைக் கொண்ட கதவணையைக் கட்டுவதென்று முடிவாயிற்று. செலவு பல மடங்கு கூடியது. 1986 அக்டோபர் 4 அன்று அரசி பெயட்ரிக்ஸ் அதைத் திறந்துவைத்தார்.

அளவுகளைச் சொன்னால் மகள் மகிழ்வாள். முழு அடைப்பின் நீளம் 9 கிலோமீட்டர். அதில் மூன்று கால்வாய்களின் குறுக்கே 65 கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன; பெரிய தூண் ஒன்றின் எடை 18,000 டன். அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 42 மீட்டர் அகலமுள்ள ஷட்டர்கள். ஒவ்வொன்றும் 260 முதல் 480 டன் வரை எடை கொண்டது. தூண்களை நீரில் நின்று கட்டவில்லை. கரை எழுப்பி, நீரை இறைத்துவிட்ட பெரும் பள்ளத்தில் உலர்ந்த தரையில் கட்டினார்கள்; பிறகு பள்ளத்துக்குள் கடலை விட்டு, ஆஸ்ட்ரியா என்ற தனிக் கப்பல் ஒவ்வொரு தூணாகத் தூக்கிச் சென்று இடத்தில் இறக்கியது. அதற்கு முன்பே, ஓடும் நீர் அடிமணலை அரித்துவிடாதிருக்க, கார்டியம் என்ற இன்னொரு கப்பல் 200 மீட்டர் நீளமுள்ள விரிப்புகளைக் கடலடியில் பாய் விரிப்பதைப்போல் விரித்துக்கொண்டே போனது. இந்த வேலைக்கென்றே கட்டிய கப்பல்களுக்குச் சிப்பி இனங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். சிப்பிக்காகத் திறந்து வைத்த அணைக்கு இது பொருத்தம்தான்.

தாயாரின் கேள்விக்கு வருகிறேன். 2004இல் வந்தது கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த அலை. அதற்கு இந்தக் கதவணையோடு தொடர்பில்லை. 1953இல் நடந்ததற்கு நெருக்கமானவை 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1977இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 2018 நவம்பரில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்த கஜாவும்தான். காற்று கடலைக் கரைமேல் தள்ளிக் குவிக்கிறது; அது ஏற்ற வேளையோடு சேர்ந்துகொண்டால் நீர் ஊருக்குள் வருகிறது. வடகடல் தெற்கே போகப்போகக் குறுகுவதால், வடமேற்குக் காற்று ஓட்டிவரும் நீர் ஒதுங்க இடமின்றி உயர்கிறது. 1953 சனவரி 31 இரவு, பௌர்ணமியை அடுத்து வரும் பேரோதமும் சேர்ந்துகொண்டது. இத்தகைய புயலை முன்கூட்டியே கணிக்க முடியும் என்பதால்தான் கதவு என்ற யோசனையே செல்லுபடியாகிறது. நீர்மட்டம் இயல்பான கடல்மட்ட அளவுக்கு மேல் 3 மீட்டரை எட்டும் என்று கணிப்பு வந்தால், பணியில் இருப்பவர்கள் முடிவெடுத்து ஷட்டர்களை இறக்குகிறார்கள். சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறை அப்படி நேர்கிறது. மனிதர்கள் தவறினால் தானாக மூடும் ஏற்பாடும் உண்டு.

பதில்: மிடில்பர்க் தாய்

பொறியாளர் அண்ணா எழுதியது எல்லாம் சரிதான். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு ஆஸ்ட்ரியாவும் கார்டியமும் பத்து நிமிடம்கூடத் தாங்காது என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் உறவினர்கள் வரும்போதெல்லாம் நாங்கள் அங்கேதான் போகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் கதவணை, பிறகு கண்காட்சி, கடைசியில் நீர் விளையாட்டு. வரிசையை மாற்றினால் குழந்தை நனைந்த உடையோடு அங்கிருந்து கிளம்ப மறுக்கும். கதவணை பார்க்காமலே பொழுது போய்விடும்.

பூங்கா இரண்டும் கலந்த இடம். கதவணைத் தூணுக்குள் போய்ப் பார்க்கும் வழியும், டெல்டா திட்டத்தைப் பற்றிய கண்காட்சியும் ஒருபுறம். சீல்கள், கடல் சிங்கங்கள், மீன் தொட்டிகள், திமிங்கிலங்களைப் பற்றிய கூடம், படகுச் சவாரி, நீர் விளையாட்டுத் திடல் ஆகியவை மறுபுறம். புயற்காற்று எப்படி இருக்கும் என்று உணரச் செய்யும் ஓர் இயந்திரமும் உண்டு. என் பிள்ளைகள் அதற்குள் நின்று கத்துவதற்காகவே வருகிறார்கள். கஜாவைக் கண்ட உங்கள் அம்மாவுக்கு அது விளையாட்டாகத் தோன்றாமல் போகலாம். அவரை அதற்குள் வற்புறுத்தி அழைக்க வேண்டாம். விலங்குக் காட்சி எனக்குத் தனிப்பட்ட முறையில் அவ்வளவு பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் படகில் போனால் கழிமுகத்தில் தாமாக வாழும் சீல்களைச் சில நாள்களில் மணல்திட்டின்மேல் காணலாம். நீர் விளையாட்டும் படகும் பருவத்தைப் பொறுத்தவை. குளிர்காலத்தில் பூங்காவின் பெரும்பகுதி இயங்காது. எனவே கிளம்பும் முன் அன்றைய நேரங்களைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வழி இருக்கிறது. என்57 நெடுஞ்சாலை கதவணையின் மேலேயே போகிறது. தெற்கே நோர்ட் பேவலாந்திலிருந்து வடக்கே ஸ்கௌவன் வரை மெதுவாக ஒரு முறை ஓட்டிப் போனால், ஒரு படிகூட ஏறாமல் தூண் வரிசை முழுவதையும் பார்த்துவிடலாம். பிறகு திரும்பி வந்து தீவில் நிறுத்துங்கள். தூணுக்குள் போகும் வழியில் எத்தனை படிகள், அவரால் முடியுமா என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். முடியாவிட்டால் அவரும் நீங்களும் வெளியே நின்று நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், பிள்ளைகளோடு உங்கள் துணைவியார் உள்ளே போய் வரட்டும்.

உணவுக்கு எலுமிச்சைச் சோறோ தயிர்ச்சோறோ கட்டிக்கொண்டு போவது நல்லது. ஆனால் கடற்கரை ஊரில் வளர்ந்தவரை அங்கே அழைத்துப் போய்ச் சூடான கிபெலிங் வாங்கித் தராமல் திரும்புவது முறையல்ல. மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டுதானே, மிளகாய்த்தூள் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்: ஐந்தோவனில் வெயில் அடிக்கிறதே என்று புடவையோடும் மெல்லிய சால்வையோடும் அழைத்து வந்துவிடாதீர்கள். தீவைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர். ஜூலையிலும் காதை மூடும் தொப்பியும் காற்று புகாத மேலுடையும் வேண்டும். குடை அங்கே ஒரு பயனும் தராது.

பதில்: சீரிக்ஸே பெரியவர்

தம்பி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்து, இந்தத் தீவுப் பகுதியிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்களுடைய மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தாயாருக்குக் காட்ட வேண்டியது நேல்ட்யே யான்ஸிலுள்ள திரைக்காட்சி அல்ல. அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஆவர்கெர்க்கில் இருக்கும் வெள்ள அருங்காட்சியகம். 1953 வெள்ளத்தில் இந்நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். எங்கள் ஸ்கௌவன்-டாய்வலாந்துத் தீவு மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. சனிக்கிழமை மாலையே வானிலை நிலையம் அபாயகரமான உயர்நீர் வரும் என்று எச்சரித்திருந்தது. ஆனால் நள்ளிரவோடு வானொலி நின்றுவிடுவது அக்கால வழக்கம், அன்றும் நின்றுவிட்டது. விடிவதற்கு முன் கரைகள் உடைந்தன. கூரைகளில் ஏறித் தப்பியவர்களில் பலரை ஞாயிறு பிற்பகலில் வந்த இரண்டாவது ஏற்றம் கொண்டுபோயிற்று. எனக்கு அயல்வீட்டில் இருந்த முதியவர்கள் அந்த இரண்டாவது ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். முதலாவதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

அருங்காட்சியகம் நான்கு பெரிய கான்கிரீட் பெட்டகங்களுக்குள் அமைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் செயற்கைத் துறைமுகம் அமைப்பதற்காக உருவாக்கிய வகையைச் சேர்ந்த பெட்டகங்கள் அவை. ஆவர்கெர்க்கில் கரை உடைந்த இடத்தை எப்படியும் அடைக்க முடியாமல், கடைசியில் அவற்றை இழுத்து வந்து மூழ்கடித்தார்கள். 1953 நவம்பர் 6 அன்று அந்த உடைப்பு மூடியது. உடைப்பை அடைத்த பொருளுக்குள்ளேயே நின்று அந்தக் கதையைக் கேட்கிறோம். இறந்தவர்களின் பெயர்களை ஒளியால் மணலின்மேல் காட்டும் ஓர் இடம் அங்கே இருக்கிறது. அதற்கு 1835+1 என்று பெயர். அன்றிரவு பிறந்து, பதிவேட்டில் ஏறும் முன்பே வெள்ளத்தில் இறந்த குழந்தையே அந்த ஒன்று.

இதைக் கண்டால் தாயாருக்கு மனம் கனக்கும் என்பது உண்மை. ஆனால் நாகப்பட்டினத்து மாவட்டத்தில் 2004ஐக் கண்டவருக்கு இந்தக் கதை புதிதல்ல. பணக்கார நாடு என்று நாம் நினைக்கும் இங்கேயும் எச்சரிக்கை வீடு வந்து சேரவில்லை என்பதை அவர் அறிந்துகொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். இன்ன இடம், இன்னது இருக்கும் என்று சொல்லி அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால், சீரிக்ஸே துறைமுகத்தருகே அமர்ந்து ஒரு கோப்பி குடித்துவிட்டு, 5 கிலோமீட்டர் நீளமுள்ள சேலாந்துப் பாலத்தின் வழியாக வீடு திரும்புங்கள்.

பதில்: கழிமுக ஆய்வு மாணவி

மேலே எழுதிய மூவரோடும் உடன்படுகிறேன். இருந்தாலும் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. பூங்காவின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வரும் குழந்தைகள், கடலும் பிழைத்தது, மனிதனும் பிழைத்தான் என்ற நிறைவோடு வெளியே வருகிறார்கள். அது முழுமையான சித்திரம் அல்ல. தூண்களும் அவற்றின் அடித்தளமும் வழியைக் குறுக்கியதால், கழிமுகத்துக்குள் போய்வரும் நீரின் வேகம் முன்னைவிடக் குறைந்துவிட்டது. புயல் அலைகள் சேற்றுத் திட்டுகளிலிருந்து மணலைக் கால்வாய்களுக்குள் இறக்குகின்றன. அதை மீண்டும் திட்டின்மேல் ஏற்றும் வலு இப்போதைய ஓதத்துக்கு இல்லை. அதனால் திட்டுகள் ஆண்டுதோறும் தேய்கின்றன. அவை நீருக்கு மேல் இருக்கும் நேரம் குறையக் குறைய, பறவைகள் இரை தேடும் நேரமும் சீல்கள் படுத்திருக்கும் நேரமும் குறைகின்றன. கதவணைக்குச் சற்று உள்ளே இருக்கும் ரோகன்பிளாட் என்ற திட்டில் 2019-20 குளிர்காலத்தில் வேறிடத்திலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டித்தான் அதை உயர்த்தினார்கள்.

கதவணையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முழு அணையாகக் கட்டியிருந்தால் அந்தத் திட்டுகள் அப்போதே போயிருக்கும். வற்றம் நன்றாக இறங்கிய வேளையில் படகு கிடைத்தால் மகளிடம் திட்டுகளைக் காட்டுங்கள்; 200 ஆண்டுகள் நிற்க வேண்டும் என்று கட்டிய அமைப்புக்குப் பக்கத்தில், மனிதர் மணல் கொட்டிக் காக்கும் திட்டுகள் இருப்பதைப் பத்து வயதுக் குழந்தையால் புரிந்துகொள்ள முடியும்.

மறுகேள்வி: ஐந்தோவன்வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அருங்காட்சியகத்தைப் பற்றித் தாயாரிடம் சொன்னேன். அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டதும் போகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஓர் ஐயம். கதவுகள் மூடுவதைப் பார்க்கும் வாய்ப்பு எங்காவது கிடைக்குமா? மகள் அதையும் கேட்கிறாள். ரோட்டர்டாம் பக்கத்தில் இருக்கும் மாஸ்லாண்ட் தடுப்பு இன்னும் பெரியது என்கிறார்களே. அங்கே போவது மேலா?

பதில்: டெல்ஃப்ட் பொறியாளர்

புயல் நாளில் ஓஸ்டர்ஸ்கெல்டே மூடுவதைப் பார்க்கச் சிறு குழந்தையோடும் முதியவரோடும் கிளம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் காற்றில் கார் கதவைத் திறப்பதே பாடு. மூடுவதும் பெரும்பாலும் இருட்டு வேளையிலோ வேலைநாளிலோ அமைந்துவிடுகிறது.

மாஸ்லாண்ட் வேறு வகையான அமைப்பு. ரோட்டர்டாம் துறைமுகத்துக்குப் போகும் 360 மீட்டர் அகலமான கப்பல்வழியில் தூண் எதையும் நிறுத்த முடியாது என்பதால், இரு கரைகளிலும் ஒதுங்கி நிற்கும் இரண்டு வளைந்த கதவுகளை அமைத்தார்கள். ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமும் 22 மீட்டர் உயரமும் கொண்டது. தேவைப்படும்போது அவை மிதந்து நடுவில் வந்து சேர்ந்து, உள்ளே நீர் நிரப்பிக்கொண்டு அடியில் அமர்கின்றன. 1997இல் திறந்த இந்தத் தடுப்பை மூடும் முடிவைக் கணினியே எடுக்கிறது. புயலுக்காக 2007 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் அது மூடியது. ஆனால் சாதாரண நாளில் அங்கே போனால், கரையில் ஓய்வெடுக்கும் இரண்டு வெள்ளைக் கதவுகளையும் தகவல் மையத்தையும்தான் பார்க்க முடியும். 4 வயது மகனுக்கு விளையாட ஒன்றும் இல்லை.

ஆகவே இந்த முறை நேல்ட்யே யான்ஸுக்கும் ஆவர்கெர்க்குக்கும் போய் வாருங்கள். மாஸ்லாண்டில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்துக்கு முன், வழக்கமாகச் செப்டம்பரில், இரு கதவுகளையும் மூடிச் சோதிப்பார்கள். தேதியை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். பொதுமக்களும் கரையில் கூடி நின்று பார்ப்பதுண்டு. தாயாரின் விசா அதுவரை இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப் போங்கள், ஏனென்றால் கதவுகள் மிக மெதுவாகத்தான் நகரும்.